அப்பாவின் இரண்டாம் சனிக்கிழமைகள்

நவம்பர் 8, வெள்ளி

காலையில் கடை திறந்ததும் பேக்கரிக்காரர் வந்தார். யாரோ முழங்கையை ஊன்றி ஷோகேஸ் கண்ணாடியில் விரிசல் விட்டுவிட்டதாம். யார் யார் என்று அப்பா கேட்கக் கேட்க, "யாரோ இல்லைங்க, நானேதான்" என்று ஒத்துக்கொண்டார்.

"நீங்க உடைச்சாத்தானே நான் பொழைக்க முடியும்? அடுத்த தடவை ரெண்டு முழங்கையையும் வைங்க," என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆறு மில்லி கண்ணாடி, நாலடி நீளம். அப்பா மேசைமேல் கிடத்தி அளவு போட்டுவிட்டு, கட்டரை என்னிடம் நீட்டினார். "நீ இழு." ஒரே இழுப்பில் இழுத்தேன். நடுவில் கை நின்றால் கோடு கெட்டுவிடும். கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டி உடைத்தார். அப்பா அப்படித்தான். கோணலாக இருந்தால் அரை மணி நேரம் பேசுவார், நன்றாக இருந்தால் வாயே திறக்க மாட்டார்.

நாளை இரண்டாம் சனிக்கிழமை. மாலையே பையை எடுத்து வைத்துவிட்டார். சோப்பு, சாக்ஸ், பழைய பத்திரிகைக் கட்டு. சட்டையைத் தானே தேய்த்தார். என் தம்பியைப் பார்க்கப் போகும்போது மட்டும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். கையெல்லாம் இருக்கும் வெட்டுத் தழும்பை அங்கே யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்றோ என்னவோ.

தம்பி ஜெயிலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. குடித்துவிட்டுக் கடை வேனை ஓட்டி, சாலையோரம் நடந்துபோன தையல்காரர் மனைவியை இடித்தான். அந்த அம்மா அங்கேயே போய்விட்டார்.

ஆறு வருஷம் கழித்தும் இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இவ்வளவு நேரம் ஆகிறது.

நவம்பர் 9, சனி

பஸ் லேட். இருட்டியபிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். அம்மா வாசலிலேயே கேட்டாள், "எப்படி இருக்கான்?" "இருக்கான்." மாதா மாதம் இதே கேள்வி, இதே பதில். நான் கேட்பதில்லை.

நவம்பர் 20, புதன்

பல் டாக்டர் கிளினிக்கில் ஜன்னல் அளவெடுக்கப் போனோம். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் அப்பா நின்றுவிட்டார். "நீ மேல போ. இந்த ஜன்னலெல்லாம் எவ்ளோ மோசமா போட்டிருக்கான்னு பாத்துட்டு வரேன்." சரி என்று ஏறிவிட்டேன். மேலே போனபிறகுதான் உறைத்தது. அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது.

நான் அளவு சொல்லச் சொல்ல, வந்து சேர்ந்தவர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். எல்லாவற்றிலும் மூன்று மில்லி கழித்து. ஊரில் அவருக்குப் பேரே "மூணு மில்லி"தான். மரச்சட்டம் மழையில் ஊதும், கண்ணாடி ஊதாது, இடம் விடாவிட்டால் தெறித்துவிடும் என்று சின்னக் குழந்தை வந்தால்கூடப் பாடம் எடுப்பார்.

திரும்பும் வழியில் தையல்கடைத் தெரு. எப்போதும்போல் அப்பா சைக்கிளைவிட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே நடந்து, கடை தாண்டியபின் ஏறினார். நானும் இறங்கினேன், வேறு வழியில்லாமல். தையல்காரர் மெஷினிலிருந்து நிமிரவில்லை. ஆறு வருஷத்தில் ஒருநாளும் நிமிர்ந்ததில்லை.

வேறு தெரு வழியாகப் போகலாமே என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சுத்திப் போனா ஒளிஞ்சு போற மாதிரி இருக்கும்," என்றார்.

டிசம்பர் 3, செவ்வாய்

கடிதம் வந்திருக்கிறது. நன்னடத்தைக்காகத் தம்பியை ஒரு வருஷம் முன்னதாக விடலாமா என்று ஒரு குழு கூடிப் பார்க்கப் போகிறதாம். செத்தவரின் குடும்பத்திடமும் கருத்துக் கேட்பார்களாம்.

அம்மா உடனே, "போய்க் கேளுங்க. தையல்காரர் கால்ல விழுந்தாவது கேளுங்க. பெத்தவர்தானே நீங்க?"

"பெத்தவன்தான். அதனாலதான் போக மாட்டேன்."

"என்ன பேச்சு இது?"

"அவரு பொண்டாட்டிய நம்மால திருப்பிக் குடுக்க முடியுமா? முடியாதுல்ல. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எம்புள்ளையத் திருப்பிக் குடுன்னு கேக்கறது?"

அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். எங்கள் வீடு கடைக்குப் பின்பக்கம்தான், நடுவில் ஒரு கதவு. வந்திருந்த ஆளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அவன் அந்த ஒரு வருஷத்தையும் இருந்துவிட்டே வரட்டும் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது முப்பத்தொன்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர்தான், அவர் வீட்டில்தான் பயந்துவிட்டார்கள். "ஜெயிலுக்குப் போனவன் அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குள் போய் நாள் முழுக்க யாருக்கும் வேண்டாத கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவனைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அதை நான் மறக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் இதயம் பலவீனம் என்கிறார். படி ஏறக்கூடாது, நீண்ட பயணம் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், சட்டையைத் தேய்க்க எடுத்தது.

"ஒரு மாசம் போகலேன்னா குடி முழுகிடுமா?" என்றேன்.

"காத்துக்கிட்டு இருப்பான்ம்மா."

எனக்குள் என்ன புகுந்ததோ. "உங்களுக்கு ஒரே ஒரு பிள்ளைதான்ப்பா. அது நான் இல்ல."

அப்பா சட்டையை மேசைமேல் வைத்தார். கையால் நீவி நீவி விட்டார். பிறகு மறுபடி எடுத்துத் தேய்த்தார்.

டிசம்பர் 14, சனி

போனார்.

டிசம்பர் 29, ஞாயிறு

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் யாராவது கண்ணாடி வாங்க வந்துவிட்டார்கள். இவ்வளவு கண்ணாடி உடைகிறதா இந்த ஊரில்?

ஜனவரி 11, சனி

பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிக்கொண்டுபோய் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தேன். "போதும் போ, கடை தொறக்கணும்." பஸ் கிளம்பும்வரை நின்றேன். இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

அப்பா இல்லை.

ஜனவரி 25, சனி

எழுதினால்தான் நிற்கும் போலிருக்கிறது, எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. ஒரு அம்மாள் குளியலறை ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்திருந்தாள். அப்பா பெட்டிமேல் உட்கார்ந்தபடி, "சட்டம் மரமா, இரும்பா?" என்று கேட்டார். அவள் "மரம்" என்றாள். அப்பா தலையாட்டினார். ஆட்டியவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நாங்கள் யோசிக்கிறார் என்றே நினைத்தோம். மாஸ்டர்தான் — இருபத்திரண்டு வருஷமாக அப்பாவோடு வேலை செய்கிறவர் — கையிலிருந்த ஷீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த மனிதர் கையிலிருந்து கண்ணாடி விழுந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள், அடக்கத்துக்கு முன், தம்பியைக் கூட்டிவந்தார்கள். மூன்று மணி நேரம், இரண்டு காவலர்கள். ரொம்ப இளைத்துவிட்டான். முன்தலையில் முடி இல்லை. முப்பத்தொரு வயதுக்காரன், அப்பாவுக்குத் தம்பி மாதிரி இருந்தான். அப்பாவின் கால்மாட்டில் நின்றான். மூன்று மணி நேரமும் நின்றுகொண்டேதான் இருந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்துத் தொங்கினாள். அவன் என்னைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தெரு முழுக்க ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பேக்கரிக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தெருக்கோடியில் தையல்காரர் நின்றிருந்தார், கழுத்திலிருந்து அளவு டேப்பைக்கூட எடுக்காமல். உள்ளே வரவில்லை. பிறகு பார்த்தபோது இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அப்பாவைக் கொண்டுவருகிறார்கள்.

பள்ளித் தலைமையாசிரியை சொன்னார், ஒரு புயலில் நாற்பத்தோரு ஜன்னல் போனதாம். பரீட்சைக்கு இரண்டு நாள். அப்பா இரண்டு நாளும் பள்ளியிலேயே இருந்து எல்லாம் மாட்டிவிட்டு, "பிள்ளைங்க வெளிய வேடிக்கை பாக்கும், சுண்ணாம்பு அடிச்சு விடட்டுமா?" என்று கேட்டாராம். இன்னொருவர், கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர், அலமாரிக்குக் கண்ணாடி போட்டபின் அப்பா தரையில் தவழ்ந்து, குழந்தையின் கை எட்டும் உயரத்தில் எல்லா ஓரத்தையும் தன் உள்ளங்கையால் தடவிப் பார்த்ததைச் சொன்னார்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பது வயது, அம்மா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில். தம்பிக்கு மூன்று வயது. அப்பா கடையையும் பார்த்து, எங்களையும் பார்த்து, காலையில் எனக்குத் தலையும் பின்னிவிட்டார். வகிடு நேராக வரவில்லை என்று கடை ஸ்டீல் ஸ்கேலை உச்சந்தலையில் வைத்து வகிடு எடுத்தார். பள்ளியில் எல்லாரும் என் வகிட்டைத்தான் பார்த்தார்கள். டீச்சர், "யாரும்மா பின்னிவிட்டது?" என்று கேட்டார். நான் பெருமையாக, "எங்க அப்பா. அவர் கண்ணாடி வெட்டறவர்," என்றேன்.

அந்த ஸ்கேல் எவ்வளவு ஜில்லென்று இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

வியாபாரிகள் சங்கச் செயலாளர் வந்தார். ஆண்டு மலரில் அப்பாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். நான் எழுதித் தர வேண்டுமாம். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "பையன் விஷயத்தை விட்ருங்க. எதுக்கு வீணா? 'அன்பு மகள்'னு மட்டும் போட்டாப் போதும்."

சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டும்போல இருந்தது.

எழுத உட்கார்ந்தால் வேறு ஞாபகம் வருகிறது. விபத்து நடந்த அன்று மாலை ஆறரை மணி. தம்பி வேனைப் பின்பக்கம் விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டான். யாரோ கல் எறிந்துவிட்டார்கள், முன் கண்ணாடி போச்சு என்றான். அப்பா டார்ச்சோடு போய்ப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். அப்பா கண்ணாடியைத் தொட்டார். கல் பட்டால் ஒரு புள்ளியிலிருந்து விரியும். இது கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருந்தது. அப்பா டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு உள்ளே போய் அவனை எழுப்பி, "சட்டையப் போடு" என்றார். சைக்கிள் பின்னால் உட்காரவைத்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளையை, சின்ன வயதில் பள்ளிக்குக் கொண்டுபோன மாதிரி. அம்மா தெருவரை ஓடினாள். அதன்பின் இரண்டு மாதம் அவள் அப்பாவோடு பேசவே இல்லை.

இதையெல்லாம் சங்கத்து மலரில் எழுத முடியுமா?

பிப்ரவரி 8, சனி

இரண்டாம் சனிக்கிழமை. காலையில் எழுந்து பார்த்தால் அம்மா புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த முழங்கால் வலியை வைத்துக்கொண்டு பஸ் படி ஏற முடியாது, அவளுக்கே தெரியும்.

"நீ ஒரு நடை போயிட்டு வந்துடேன்."

"முடியாதும்மா."

மதியம்வரை பையை இறக்கி வைக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மாஸ்டர் இன்று, ஓரம் தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "பாப்பா, நான் போலாம்னு கேட்டுப் பாத்தேன். சொந்தம் இருந்தாத்தான் பாக்க விடுவாங்களாம். நான் அவனுக்கு என்ன சொந்தம்?" எனக்கு முப்பத்தேழு வயது, இன்னும் பாப்பாதான் இவருக்கு. நான் வெட்டிய துண்டு கோணலாக வந்தது.

மார்ச் 8, சனி

போனேன்.

நான்கு மணி நேரம் பஸ். இறங்கி அரை மணி நடை, நிழலே இல்லை. வீங்கின காலோடு இந்த வழியாகத்தான் நடந்திருக்கிறார். வழியில் ஒரு கல் பெஞ்ச். அங்கே டீ விற்கிறவர் என் கையிலிருந்த பையைப் பார்த்து, "கண்ணாடிக்காரர் பொண்ணா? அவர் வரலையா?" என்றார். சொன்னேன். டீக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

பார்க்கும் அறையில் நடுவே கண்ணாடித் தடுப்பு. இரண்டு பக்கமும் டெலிபோன். எடுத்துக் காதில் வைத்தேன். ஆறு வருஷம் பேசாதவனிடம் என்ன பேசுவது? கண்ணாடியைத் தட்டினேன். "பத்து மில்லி. ஓரம் சரியா தேய்க்கல."

தம்பி என்னையே பார்த்தான். "மொத தடவை அப்பாவும் இதையேதான் சொன்னாரு."

நான் தடுப்பின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.

பிறகு அவன்தான் கேட்டான். "பேக்கரி ஷோகேஸ் நாலடிய ஒரே இழுப்புல இழுத்தியாமே?"

"யார் சொன்னா?"

"அப்பா. வேற என்ன பேசுவாரு? உன்னப் பத்தித்தான். பேங்க் வாசல்ல எட்டடிக் கண்ணாடி நீ போட்டது, மாஸ்டர் கூட சண்ட போட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தது, அந்தப் பல் டாக்டர் மூணாவது மாடி... 'நான் வெட்டுனதவிட அவ வெட்டுறது நேரா இருக்குடா, சொன்னா தலைக்கேறிடும்னு சொல்றதில்ல'ம்பாரு. அரை மணி நேரத்துல இருபத்தஞ்சு நிமிஷம் நீதான்க்கா. எனக்கே சில சமயம் கடுப்பா இருக்கும்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் வாய் மட்டும் அசைந்தது. மறுபடி வைத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு மாசம் அவர் வரல. உன் கல்யாணம் நின்ன மாசம்."

"வந்தாரு. நான் பாத்தேனே, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு."

"ஜெயில் கேட்டு வரைக்கும் வந்திருக்காரு. அடுத்த மாசம் அவரே சொன்னாரு. 'போன தடவ வாசல் வரைக்கும் வந்தேன்டா. உன் மூஞ்சியப் பாத்தா அடிச்சிருவேன்னு தோணிச்சு. நடுவுல கண்ணாடி வேற. திரும்பிட்டேன்.' அப்படியே சொன்னாரு."

அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசி பஸ்வரைக்கும். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "இருக்கான்" என்று சொல்லியிருப்பார். நான் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நான் அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்டா. டிசம்பர்ல," என்றேன். சொன்னதைச் சொன்னேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும். சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'அவ சொன்னதுல தப்பில்லடா'ன்னாரு. 'நேர்ல சொல்லியிருக்கணும், எல்லாத்தையும் உங்கிட்டயே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்'னு சொன்னாரு."

மணி அடித்துவிட்டது. அவன் எழுந்தான். மன்னிப்பு கேட்பான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. "படி ஏறும்போது அம்மாவப் பிடிச்சுக்கோ," என்றான். வீட்டில் படியே இல்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அல்லது வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "எப்படி இருக்கான்?"

"இருக்கான்ம்மா," என்றேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆண்டு மலருக்கு நான்கு முறை எழுதிக் கிழித்தேன். "அன்பு மகள்" என்று எழுதினால் அடுத்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வியாழன்

தையல்காரரைப் பார்க்கப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கடைக்குள் போய் நின்றேன். அவர் ஓட்டிக்கொண்டிருந்த தையல் முடியும்வரை நிமிரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"நான் எதுவும் கேக்க வரலங்க," என்றேன்.

"தெரியும். கேக்கறதா இருந்தா உங்க அப்பா கேட்டிருப்பாரு."

"தம்பிய ஒரு வருஷம் முன்னாடியே விட்டாலும் விடுவாங்க. வந்தா கடையிலதான் இருப்பான், இந்தத் தெருவுலதான் போகணும் வரணும். உங்களுக்குப் பாக்க முடியாதுன்னா சொல்லுங்க. வேற ஊருக்கு அனுப்பிடறேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டிசம்பர்லயே பேப்பர் வந்துச்சு. எழுதி அனுப்பிட்டேன். மன்னிச்சுட்டேன்னு எழுதல. மன்னிக்கல. உள்ளயே வெச்சிருங்கன்னும் எழுதல. அவன் உள்ள இருந்தா மட்டும் இவ வந்துரப் போறாளா?"

சுவரில் மாட்டியிருந்த படத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"உங்க அப்பா தெனமும் சைக்கிள விட்டு எறங்குவாரே, எனக்கு அது பிடிக்கவே இல்ல. குனிஞ்சு தச்சுக்கிட்டு கொஞ்சம் மறந்திருப்பேன். அந்தச் செயின் சத்தம் வரும். ஒருநாள் எழுந்துபோய் சட்டையப் பிடிக்கலாம்னுகூட வந்துச்சு." மெஷின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். "ஜனவரில ஒருநாள் சத்தம் வரல. மத்தியானம் வரைக்கும் காது அங்கயே இருந்துச்சு. அப்புறம் நான்தான் பக்கத்துக் கடையில போய் விசாரிச்சேன்."

போய் வருகிறேன் என்று திரும்பினேன்.

"இரும்மா. உன் தம்பி எறங்கித் தள்ளிக்கிட்டெல்லாம் போக வேணாம்னு சொல்லு. நேரா போகச் சொல்லு." மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்: "மெதுவா போகச் சொல்லு."

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதி முடித்து, செயலாளர் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். நான் எழுதியது:

"எங்கள் அப்பா முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்குக் கண்ணாடி வெட்டினார். ஊர் அவரை மூணு மில்லி என்று கூப்பிட்டது, அவருக்கு அதில் வருத்தமில்லை. அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். மகன் ஒரு உயிர் போகக் காரணமானபோது, அவரே அவனைப் போலீசில் ஒப்படைத்தார். பிறகு, ஒரே ஒரு மாதம் தவிர, மாதம் தவறாமல் போய் அவனைப் பார்த்தார். இரண்டையும் செய்தது ஒரே மனிதர்தான்."

செயலாளர் இரண்டு தடவை படித்தார். "அது என்ன 'ஒரே ஒரு மாதம் தவிர'?"

"அது எங்க வீட்டு விஷயம்."

"அப்ப எதுக்கு எழுதறீங்க? எடுத்துட்டா இன்னும் பெருமையா இருக்கும்."

"அவரு இருந்தா, இல்லாத அளவ இருக்குன்னு எழுத விடமாட்டாருங்க."

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன் என்றார்.

மே 19, திங்கள்

கடிதம் வந்தது. ஜூன் 16. அம்மா அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வேளையும் எடுத்து, தேதி மாறிவிடவில்லையே என்று பார்க்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

நானும் மாஸ்டரும் போய்க் கூட்டிவந்தோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார மறுத்துவிட்டான். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தபடி. "வாடா," என்றேன். மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டு வாரமாக விருந்தாளி மாதிரி இருக்கிறான். "அக்கா, தண்ணி குடிச்சுக்கட்டுமா?" "அக்கா, இந்த ஸ்டூல எடுக்கலாமா?" விளக்கை அணைக்கவும் கேட்கிறான். நானும் "எடுத்துக்கோங்க" என்கிற அளவுக்கு மரியாதையாகப் பேசுகிறேன். ஒரு வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி. வண்டியைத் தொடுவதில்லை. எங்கே போனாலும் நடைதான். தையல்கடையை எப்படித் தாண்டுகிறான் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்று சண்டை.

புதிதாக வந்த ஆறு ஷீட்டையும் நடுவில் பேப்பர் வைக்காமல் அடுக்கிவிட்டான். எல்லாவற்றிலும் கீறல். எனக்கு வந்ததே கோபம் — "கண்ணு எங்கடா வெச்சிருக்க? குருட்டுப் பயலே!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் ஒரு நிமிஷம் அப்படியே போய்விட்டது. ஐயோ, சொல்லியிருக்கக்கூடாதே என்று நினைப்பதற்குள் திருப்பிக் கத்தினான்: "பேப்பர் எங்க இருக்குன்னு சொன்னியா நீ? எல்லாத்தையும் உன் மண்டைக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பெரிய்ய முதலாளி!"

"யாருடா முதலாளி?"

"நீதான்!"

மாஸ்டர் கட்டரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு கதவுக்கு வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் வாய மூடறீங்களா இல்லையா? இருங்க, அப்பா வரட்டும், சொல்றேன்."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டி கையிலேயே நின்றது.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "வரட்டும். அக்காதான் மொதல்ல கத்துச்சுன்னு சொல்லுவேன்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"பொய் சொல்றான்ம்மா," என்றேன் நான்.